செல்ஃப் டிரைவ் காரில் ராமேஸ்வரம்: பதினாலு வருஷம் கழித்து நாங்கள் இரண்டு பேர் மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் கொடுத்த கம்பெனியின் பெயரைப் போடப் போவதில்லை. சண்டை பாதி, சமாதானம் பாதி என்று முடிந்த விஷயம். மதுரையில் இப்போது ஏரியாவுக்கு நாலு செல்ஃப் டிரைவ் கடை (டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டிக்கொள்ளக் காரை வாடகைக்கு விடுகிற கடை) இருக்கிறது, எல்லோருடைய விதிமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் யாரிடம் எடுப்பவர்களுக்கும் இது உதவும். நாங்கள் எடுத்தது ஒரு சின்ன பெட்ரோல் கார், நாலு வருஷம் ஓடியது, 48 மணி நேரத்துக்கு 4,400 ரூபாய், டெபாசிட் 5,000, தினம் 200 கிலோமீட்டர் கணக்கு, அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். போனது மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திரும்ப மதுரை. ஓட்டியது நான். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் அச்சகம் வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மொய் நோட்டு, திருவிழா நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. ஊரில் யாருக்கெல்லாம் கல்யாணமோ அவர்களெல்லாம் லீவு போடுகிற மாதத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தையில் ஆரம்பித்தால் வைகாசி, ஆனி வரைக்கும் ஓட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடியும். மார்கழியில் முகூர்த்தம் இல்லைதான், ஆனால் காலண்டர் வேலையும் தை மாதப் பத்திரிகையும் சேர்ந்து வந்து விழும். மிச்சம் இருப்பது ஆடி. அதிலும் ஆடி முழுக்கக் கிடைக்காது: முதலில் முளைப்பாரி, கூழ் ஊற்றுகிற நோட்டீஸ், பதினெட்டாம் பெருக்கு தாண்டியதும் ஆவணி முகூர்த்தக்காரர்கள் மஞ்சள் பையோடு வந்துவிடுவார்கள். ஆக 2025-ல் ஆடி அமாவாசைக்கும் பதினெட்டாம் பெருக்குக்கும் நடுவில் பத்து நாள்தான் இடைவெளி, அதில் ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி போனால் மீன் சாப்பிட முடியாது என்பதால் அதையும் கழித்துவிட்டால் புதன், வியாழன். புதன் கிளம்பி வியாழன் திரும்புவது என்று முடிவானது இப்படித்தான். இதைத் திட்டமிடப் பதினாலு வருஷமா என்று கேட்டால், ஆமாம்.

இதற்கு முன்னால் நாங்கள் வெளியூர் போகாமல் இல்லை. வேனில் போயிருக்கிறோம். குலசாமி கோயிலுக்கு இருபது பேர், பழனிக்குப் பதினைந்து பேர், வேளாங்கண்ணிக்குக்கூட ஒரு தடவை. முன்சீட்டில் சித்தப்பா, நடுவில் புளியோதரைத் தூக்கு, கடைசி சீட்டில் வாந்தி எடுக்கிற பிள்ளை, அதற்குப் பக்கத்தில் நான். கல்யாணமான புதுசில் கொடைக்கானல் போனதுகூட மாமனாருக்குத் தெரிந்த டிரைவர் அண்ணனோடு. நல்ல மனிதர், மூன்று நாளும் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

இடம் எது என்பதில் ஒரு வாரம் ஓடியது. கொடைக்கானல் என்றார் என் வீட்டுக்காரர். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஆனால் மலைப்பாதையில் நான் ஓட்டியதே கிடையாது, வாடகைக் காரில் அதைப் பழகுகிற தைரியம் எனக்கு வரவில்லை. குற்றாலம் சீசன்தான், அதனாலேயே கூட்டம், தண்ணீர் கூடினால் குளிக்கவும் விட மாட்டார்கள். மூணாறு பக்கம் ஆடியில் மழை கொட்டும். ராமேஸ்வரம் ரோடு சமதளம், நேர் ரோடு, 170 கிலோமீட்டர் சொச்சம். என்ன, மதுரைக்காரர்களிடம் ராமேஸ்வரம் போகிறோம் என்று சொன்னால் இரண்டே கேள்விதான் வரும், திதியா, பரிகாரமா? சும்மா போகிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் கடைசிவரை நம்பவில்லை, "சொல்ல வேணாம்ணே, நல்லது நடந்தாச் சரி" என்று இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் கார். முதலில் தெரிந்தவர் மூலமாக ஒரு கார் வந்தது, ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், டெபாசிட் வேண்டாம், ஆதார் நகல் போதும் என்றார்கள். போய்ப் பார்த்தால் வெள்ளைப் போர்டு. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டி. வாடகைக்கு ஓட்டுகிற செல்ஃப் டிரைவ் வண்டி என்றால் கருப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து எங்காவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ்காரர்கள் வாடகைக்கு விட்டது தெரிந்த உடனே கையை விரித்துவிடலாம், அதற்கப்புறம் 1,500 ரூபாய்க்கு எடுத்த வண்டி என்ன விலைக்குப் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். கம்பெனியில் எடுத்ததற்கு முதல் காரணம் இந்தப் போர்டுதான்.

கம்பெனியில் புக் பண்ணியது நான், என் போனிலிருந்து, என் லைசென்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பி. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வண்டி எடுக்கப் போனபோது அங்கிருந்த தம்பி நேராக இவரைப் பார்த்து, "சார், ஒரிஜினல் லைசென்ஸ் குடுங்க" என்றார். இவர் "என்கிட்ட டூவீலருக்குத்தான் இருக்கு, கார் அவங்கதான் ஓட்டுவாங்க" என்றார். தம்பி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் இவரிடமே, "முழுக்க அக்காவேவா ஓட்டுவாங்க?" இல்லை தம்பி, பரமக்குடியில் இறங்கிக்கொள்வேன், மிச்சத்தை வண்டியே ஓட்டிக்கொள்ளும் என்று சொல்ல வாய் வந்தது. லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது, என் தம்பி காரை மதுரைக்குள் ஓட்டியிருக்கிறேன், சிம்மக்கல்லிலும் கீழவாசலிலும் ஓட்டியவளுக்கு நாலு வழிச் சாலை ஒரு பொருட்டா? கிளட்ச், கியர், ரிவர்ஸ் கேமரா எல்லாவற்றையும் அவர் இவருக்குத்தான் விளக்கினார். இவரும் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒப்பந்தம் நாலு பக்கம், இங்கிலீஷில். எங்கள் வீட்டுக்காரர் படிப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஆறு பாயின்ட்டுல அடிச்சிருக்காய்ங்க. இந்த சைஸுல நான் பத்திரிகை அடிச்சா மாப்பிள்ளை வீட்டுல என்னைய அடிப்பாங்க." கேலி பண்ணினாலும் மனுஷன் விடாமல் படித்தார், படித்ததால்தான் தெரிந்தது: மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினால் அபராதம், வண்டி எடுத்த அளவுக்கே பெட்ரோல் நிரப்பித் திருப்பித் தர வேண்டும், வண்டிக்குள் அழுக்கு இருந்தால் 500 ரூபாய், கீறல், நசுங்கல் என்றால் டெபாசிட் வரைக்கும் நம் தலையில். அதற்கு மேல் ஆனால் இன்சூரன்ஸ். வண்டி ஷெட்டில் நிற்கிற நாளுக்கும் சேர்த்து நாம்தான் வாடகை தர வேண்டுமாம். அதாவது இடித்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் நின்றால் பத்து நாள் வாடகை. இந்த வரியை நீங்கள் எடுக்கிற இடத்திலும் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, வண்டியைச் சுற்றி வீடியோ எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் எடுத்தோம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. இவருக்கு அச்சுத் தொழில் கண், பிசிறு இருந்தால் விரலிலேயே தெரிந்துவிடும். பம்பரை, கதவை எல்லாம் தடவிக்கொண்டே போய், இடது பக்கப் பின்கதவுக்குக் கீழே ஒரு விரல் நீளக் கீறலைக் கண்டுபிடித்து, டார்ச் அடித்துப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் போட்டோ எடுத்தார். தம்பி, "அதெல்லாம் பழசுண்ணே, எழுத வேணாம்" என்றார். எழுது என்று நின்று எழுத வைத்தோம். நாங்கள் பார்க்காமல் விட்டது ஸ்டெப்னியை, அதாவது மாற்று டயரை. டிக்கியைத் திறந்து இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கவில்லை.

வண்டியைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தியதற்கு ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் தெருவில் ஆட்டோ வந்தால் பைக்கை எடுக்க வேண்டும், கார் வந்தால் வாசல் கோலத்தையே எடுக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா, "எப்பம்மா வாங்குனீங்க, சொல்லவே இல்ல" என்றார்கள். வாடகை என்றேன். "அதானே" என்று உள்ளே போனார்கள். அந்த "அதானே" எனக்கு ராமநாதபுரம் வரைக்கும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பையனை அத்தையிடம் விட்டுவிட்டுப் புதன் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அத்தைக்கு ஒரே நிபந்தனை, தீர்த்தம் கொண்டுவர வேண்டும், ராமநாதபுரம் பக்கத்தில் உத்தரகோசமங்கைக் கோயிலில் ஒரு விளக்குப் போட வேண்டும். சாப்பாடு கட்டவில்லை. இது என் பிடிவாதம். புளியோதரைத் தூக்கு காருக்குள் ஏறினால் அது மறுபடியும் வேன் ஆகிவிடும்.

தெப்பக்குளம் தாண்டி விரகனூர் ரிங் ரோட்டில் ஏறும்வரை பயம் இருந்தது உண்மை. சிலைமான் போனதும் போய்விட்டது. மதுரையிலிருந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழி, நடுவில் அரளிச்செடி, இரண்டு பக்கமும் கருவேலங்காடு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சொல்வார்கள், தயவுசெய்து மூடாதீர்கள், திருப்புவனம், மானாமதுரைப் பக்கம் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வரும். திருப்பாச்சேத்தி டோல்கேட்டில்தான் கம்பெனியின் முதல் பரிசு கிடைத்தது. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், டோல்கேட் பையன் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு என்கிறான். கம்பெனிக்குப் போன் போட்டால் ஆறரை மணிக்கு யார் எடுப்பார்கள்? கட்டிவிட்டு ரசீதை இவர் சட்டைப்பையில் மடித்து வைத்தார், கடைசியில் அந்தப் பணம் திரும்பி வந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். வண்டி எடுக்கும்போதே டேகில் எவ்வளவு இருக்கிறது என்று போனில் காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை.

மானாமதுரை தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது, எனக்கும் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது. வண்டி 80-ல் ஒருமுறை பீப் அடித்தது, அது கம்பெனிக்காரர்கள் வைத்தது இல்லை, 2019 ஜூலைக்குப் பிறகு வருகிற கார்களில் எல்லாம் அப்படித்தான். இரண்டு நிமிஷத்தில் இவர் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. "சார், அக்கா 104-ல போறாங்க, கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க." டோல்கேட்டில் நின்று கூப்பிட்டபோது எடுக்காத அதே ஆள்! வண்டியில் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும், இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. டிரைவர் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு எடுத்த காரில் பின்சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. முதல் தடவை என்று அபராதம் போடவில்லை. வேகம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புக் பண்ணிய நம்பர் என்னுடையது, ஓட்டுகிறவள் நான், என் நம்பருக்கு ஏன் கூப்பிடவில்லை? (ஓட்டுகிறவர்கள் போன் எடுக்கக் கூடாது என்பதற்காக அவருக்குக் கூப்பிட்டிருக்கலாம் என்கிறார் இவர். அப்படியே இருக்கட்டும்.)

பரமக்குடியில் இட்லி, காபி. பக்கத்து பங்க்கில் காற்றுப் பிடிக்க நிறுத்தினால் நாலு டயரும் சரி, ஸ்டெப்னி தட்டையாகக் கிடக்கிறது. வால்வு போயிருந்தது. பஞ்சர் கடைத் தம்பி 150 ரூபாய்க்குச் சரி பண்ணிக் கொடுத்தார். அதற்குள் பஞ்சராகியிருந்தால் கருவேலங்காட்டுக்கு நடுவில் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்போம்.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை இரண்டு வழிதான். நாலு வழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, வேலை முடிய வருஷக்கணக்கில் ஆகும். எதிரே பஸ், முன்னால் லாரி, முந்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. சத்திரக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது, "லாரியை விட்டுப் பிடி" என்று இவர் சொன்னதில் ஆரம்பித்து, எப்படியோ போய் இரண்டு வருஷம் முன்னால் இவர் தம்பிக்குக் கொடுத்த பணத்தில் நின்றது. வீட்டில் இந்தப் பேச்சை நாங்கள் பத்துத் தடவை ஆரம்பித்திருக்கிறோம், ஒரு தடவைகூட முடித்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் பையன், கடையில் வேலையாட்கள். சத்தம் போடாமல் சண்டை போட்டுப் போட்டே பாதியில் நின்ற சண்டைகள் எங்களிடம் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. காரில் கதவைத் திறந்துகொண்டு யாரும் போக முடியாது, யாரும் உள்ளே வரவும் முடியாது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தே கேட்டேன், இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தே பதில் சொன்னார். எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு வந்தது, மிச்சம் எப்போது வரும், ஏன் என்னிடம் சொல்லவில்லை, நாலுக்கும் பதில் வந்தது. கடைசிக் கேள்விக்கான பதில் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பதில் வந்தது. ராமநாதபுரம் ஊருக்குள் நுழையும்போது இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டு, நிறுத்தி இளநீர் குடித்தோம். இளநீர்க்காரர் எங்களைப் பார்த்து "கோயிலுக்கா?" என்றார், இவர் "ஆமா" என்றார். 4,400 ரூபாய்க்கு நாங்கள் என்ன வாங்கினோம் என்று யாராவது கேட்டால் நான் இந்த இருபது கிலோமீட்டரைத்தான் சொல்வேன்.

உச்சிப்புளி, மண்டபம், அப்புறம் பாம்பன். 1988-ல் இந்த ரோட்டுப் பாலம் வரும்வரை தீவுக்குள் ரயிலில்தான் போக முடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. பக்கத்தில் கடலை ஒட்டிப் போகிற புது ரயில் பாலத்தை 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள், கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். நாங்கள் போன நேரத்தில் கப்பலும் வரவில்லை, ரயிலும் வரவில்லை. எல்லோரும் பாலத்திலேயே காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு வழியே இல்லை. ஆடிக்காற்று சும்மா இல்லை, சின்ன கார் லேசாகப் பக்கவாட்டில் இழுத்தது, கையில் நன்றாகத் தெரிந்தது.

ராமேஸ்வரத்தில் ரூம் 2,500 ரூபாய், சுத்தமாக இருந்தது, கார் நிறுத்த உள்ளேயே இடம் இருந்தது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆடித் திருக்கல்யாணத் திருவிழா நடந்துகொண்டிருந்ததால் கோயிலில் கூட்டம், ஆனால் அமாவாசைக் கூட்டத்துக்கு இது கால்வாசி. 22 தீர்த்தமும் ஆடவில்லை, பிராகாரத்தை மட்டும் ஒரு முழுச் சுற்று நடந்தோம், அவசரமில்லாமல். வேனில் வந்தபோதெல்லாம் தலை எண்ணிக்கொண்டே நடந்த பிராகாரம் அது. மதியம் தங்கச்சிமடம் பக்கம் ஒரு சின்னக் கடையில் விளமீன் குழம்பும் கணவாய் வறுவலும். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது போனால் விலையும் அதிகம், வகையும் குறைவு. ஆடியில் போனதில் இது ஒரு லாபம்.

வியாழன் காலை ஆறரைக்கு தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார் ரோடு 2017-லிருந்து இருக்கிறது, அதற்கு முன்னால் மணலில் ஜீப்பும் வேனும் போய்வந்தபோது ஒருதடவை சொந்தக்காரர்களோடு வந்து இடுப்பு கழன்றது ஞாபகம் இருக்கிறது. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அங்கே உள்ளவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள், ஆடியில் போனால் விளக்கமே வேண்டாம், இடப்பக்கம் குளம் மாதிரி கிடக்கிறது, வலப்பக்கம் கல்லில் மோதி ரோட்டுக்கே தெறிக்கிறது. ரோட்டில் மணல் ஓடிக்கொண்டே இருக்கும், பாம்பு ஊர்வது மாதிரி. மணல் மேல் பிரேக் போடாதீர்கள். இருட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் காலையில் போவதுதான் நல்லது, அந்த நேரத்தில் எங்களையும் சேர்த்து ஏழெட்டு கார்தான்.

1964 டிசம்பர் புயலில் மிச்சமான தேவாலயச் சுவரும் ரயில்வே கட்டடமும் பார்த்தோம். ஒரு முழு ரயிலே ஆட்களோடு போன இடம். அங்கே நின்று இவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முனையில் காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்ததால் காருக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஏசி போடவில்லை, பாட்டுப் போடவில்லை. டாக்ஸியில் வந்திருந்தால் வெளியே டிரைவர் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் சீட்டைப் பின்னால் சாய்த்துத் தூங்கியே போனார், குறட்டையோடு.

திரும்பும்போது உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரைக்குத்தான் களைவார்கள் என்பதால் பார்த்தது சந்தனத்தைத்தான். விளக்குப் போட்டாயிற்று, 400 கிலோமீட்டர் கணக்கும் இந்தச் சுற்றில்தான் தாண்டியது.

கீழடியை விட்டிருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கிற இடம், 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், முற்றமும் தூணுமாக. இவர் பானை ஓடுகளுக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. ஆதன், குவிரன் ஆதன் என்று தமிழி என்கிற பழைய எழுத்தில் பேர் கீறிய ஓடுகள். "பாத்தியா, அப்பவும் பானையில பேருதான் போட்டிருக்காய்ங்க, நம்ம பொழப்புதான்" என்றார். எழுத்து சாய்ந்திருப்பதையும் இடைவெளி கூடக்குறைய இருப்பதையும் அவர் எனக்கு விளக்கினார், ப்ரூஃப் பார்க்கிற மாதிரி. கார் வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை ஞாபகப்படுத்தித்தான் வெளியே கூட்டிவந்தேன்.

ஏழே முக்காலுக்கு வண்டியை விட்டோம். பெட்ரோல் எடுத்தபோது மூன்று கட்டை, கொடுத்தபோதும் மூன்று கட்டை. மீட்டரில் 436, ஆக 36 கிலோமீட்டருக்கு 360 ரூபாய், அதில் தகராறு இல்லை. தம்பி டார்ச்சோடு சுற்றி வந்து, நினைத்த மாதிரியே, இடது பின்கதவில் நின்றார். "இது புதுசுங்கண்ணே." இவர் போனை எடுத்து ஒரு ரூபாய்க் காசைக் காட்டினார். அது அங்கே முடிந்தது. அடுத்து மணல். தனுஷ்கோடி மணல், மிதியடியில் ஒரு கை அள்ளலாம், ஒத்துக்கொள்கிறேன். 500 ரூபாய் க்ளீனிங் என்றார். நான் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு குழந்தையின் ஒற்றை சாக்ஸையும், காய்ந்துபோன மல்லிகைச் சரத்தையும், பாதி முறுக்கையும் மேஜையில் வைத்தேன். எங்கள் பையனுக்குப் பதிமூன்று வயது, அந்த சாக்ஸ் அவன் பெருவிரலுக்குப் பத்தாது. எங்களுக்கு முன்னால் எடுத்தவர்களிடமும் க்ளீனிங்குக்கு வாங்கியிருப்பீர்களே, அந்தக் க்ளீனிங் எங்கே போனது என்று கேட்டேன். 300-க்கு வந்தார். ஸ்டெப்னி 150-ஐயும் டோல்கேட் கூடுதல் பணத்தையும் நாங்கள் தர வேண்டியதில் கழித்துக்கொண்டார்கள், முதலாளி போனில் மரியாதையாகத்தான் பேசினார். டெபாசிட் இரண்டு நாளில் என்றார்கள், ஒன்பதாவது நாள் வந்தது, அதுவும் மூன்று தடவை கேட்டபிறகு.

கணக்கு: வாடகை, கூடுதல் கிலோமீட்டர், க்ளீனிங் மூன்றும் சேர்த்து 5,060. பெட்ரோல் 2,450. ஆக 7,510, டோல் தனி. டிரைவரோடு டாக்ஸிக்கு விசாரித்தபோது பேட்டா சேர்த்து 8,000 சொன்னார்கள், அதற்கும் டோல் தனிதான். காசு மிச்சம் என்று நினைத்து செல்ஃப் டிரைவ் எடுக்காதீர்கள், 500 ரூபாய் மிச்சத்துக்கு இந்தத் தலைவலி தேவையில்லை, ஒரு சின்ன நசுங்கல் விழுந்தால் அதுவும் போய்விடும். வயசானவர்களைக் கூட்டிப் போகிறீர்கள், ராத்திரி ஓட்டணும், மலை ஏறணும் என்றால் டிரைவரோடே போங்கள். வண்டிக்குள் நீங்கள் மட்டும் இருக்க வேண்டும் என்றால் எடுங்கள்.

வண்டி நன்றாக இருந்தது, ஏசி ஜில்லென்று இருந்தது, கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். ஐந்துக்கு வண்டிக்கு நாலு, கம்பெனிக்கு இரண்டரை. அடுத்த ஆடிக்கும் இவர்களிடமே எடுப்பேன், ஏனென்றால் இவர்களுடைய தில்லுமுல்லு எல்லாம் இப்போது எனக்குத் தெரியும், வேறு இடம் போனால் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அவர்களிடமிருந்து வார இறுதிச் சலுகை என்று மெசேஜ் வந்தது. இவர் போனுக்கு. "டியர் சார்" என்று ஆரம்பிக்கிறது.